கந்தக பூமியில் ஒரு சின்ன நாய்க்குட்டி

விருதுநகர் மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர், அப்புறம் புரோட்டா. ஆனால் இதே மாவட்டத்து ஊர்கள் இரண்டு, நாய்களுக்குப் பெயராகவே மாறி உலகம் சுற்றியிருக்கின்றன. ஒன்று ராஜபாளையம். இன்னொன்று சாத்தூர் பக்கத்து சிப்பிப்பாறை. இப்படி நாய்க்குப் பெயர் கொடுத்த மண்ணிலேயே இன்று தெருவுக்கு நாலு வீட்டில் பொமரேனியன், பக், ஷிட்ஸு என்று கைக்குள் அடங்கும் குட்டிகள் வளர்கின்றன. இது எப்படி நடந்தது? அந்தக் குட்டிகளை இந்த ஊரில் எப்படி வளர்ப்பது? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே வரலாற்றுக்குள்தான் இருக்கிறது.

வேலைக்காரர்களாக இருந்த நாய்கள்

தமிழர்கள் நாயை மதித்ததற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனோடு சேர்த்து அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அதன் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். 1300 வருடங்களுக்கு மேலாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது என்றால் சும்மாவா!

கோவிவனைப் போலத்தான் தென்மாவட்டத்து நாய்களும். அவை செல்லப்பிராணிகள் அல்ல, வேலைக்காரர்கள். ராஜபாளையம் நாய் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காவல். சிப்பிப்பாறையும் அதன் நெருங்கிய சொந்தமான கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட காலுமாக, கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் வேட்டை நாய்கள். கரிசல் காட்டில் முயல் விரட்டுவதுதான் அவற்றின் தொழில். பாளையக்காரர்கள் படையிலும் இந்த நாய்கள் இருந்ததாக வாய்வழிக் கதைகள் உண்டு.

அந்தக் காலத்தில் குட்டிக்கு யாரும் தனியாகப் பயிற்சி கொடுக்கவில்லை. வீட்டில் என்ன கூழோ கஞ்சியோ அதுதான் குட்டிக்கும். பெரிய நாயின் பின்னாலேயே காட்டுக்குப் போகும், அது செய்வதைப் பார்த்துப் பழகும். வேலை தெரிந்த குட்டி நின்றது, தெரியாதது கழிந்தது. கொஞ்சம் கடுமையான முறைதான். ஆனால் அதில் ஒரு நியாயமும் இருந்தது. எந்த வேலைக்காக நாய் வளர்ந்ததோ அந்த வேலை தினமும் அதற்குக் கிடைத்தது.

1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டை சட்டப்படி குற்றமானது. காட்டு உயிர்களுக்கு அது அவசியமான சட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் வேட்டை நாய்க்கு அதோடு வேலை போனது. தேவை குறைந்தால் உற்பத்தி குறையும் என்று வணிகவியல் முதல் பாடத்திலேயே வருகிறதே, அதேதான் நடந்தது. நாட்டு இனங்கள் குறைய ஆரம்பித்தன. 1980-81-ல் தமிழக அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு தொடங்கியதற்கு இதுதான் பின்னணி. 2005 ஜனவரியில் ராஜபாளையம் நாய் தபால்தலையில் ஏறியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பெயர்களைச் சொன்னார்.

வேலை இல்லாத நாய் வந்த கதை

மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே நாய் வளர்ப்பது சீனாவிலும் ஐரோப்பாவிலும் அரண்மனைப் பழக்கம். பக் சீனாவிலிருந்து போனது. பொமரேனியன் முதலில் இவ்வளவு சிறியதாக இல்லை. விக்டோரியா மகாராணி 1888-ல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் சின்ன உருவ பொமரேனியன் ஒன்றை வாங்கி வந்தார். அதன்பிறகு இங்கிலாந்தில் சின்னது வேண்டும், இன்னும் சின்னது வேண்டும் என்ற மோகம் பிறந்தது. சில பத்தாண்டுகளில் நாயின் உருவமே சுருங்கிவிட்டது.

நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று கூப்பிடும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு வகை. வெயில் தாங்கும், போட்டதைச் சாப்பிடும், சின்ன வீட்டுக்கும் சரிப்படும். 1994-ல் வந்த ‘ஹம் ஆப்கே ஹை கோன்’ இந்திப் படத்தில் நடித்து நாடு முழுக்கப் புகழ் பெற்றது இந்த வகைதான். அடுத்து 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரம். ஒரு சிறுவன் எங்கே போனாலும் பின்னாலேயே போகும் ஒரு பக். அந்த ஒரு விளம்பரம் போதும், பக் குட்டிக்கு நாடெங்கும் கிராக்கி. 2007-ல் ஹட்ச் பெயர் வோடஃபோன் என்று மாறியது. நாய் மோகம் மட்டும் மாறவில்லை.

விளம்பரம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைக்கும். பக்கின் முகத்தை மனிதன் தட்டையாக்கிவிட்டான், அதனால் மூச்சுப்பாதை குறுகலானது. சித்திரை வெயிலில் சிவகாசித் தெருவில் மத்தியானம் பக்கை நடக்க வைப்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை. 2024-ல் தமிழக அரசு அறிவித்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாத வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் ஹஸ்கியோடு பக்கும் இடம்பெற்றது.

வெளிநாட்டு நாயை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. ராஜபாளையம் நாய் முழு வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாக இருந்தால்தான் அசல் என்று நம்பி அப்படியே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அந்த நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வந்தது. சீனாக்காரன் முகத்தில் செய்ததை நம் ஊர்க்காரன் காதில் செய்தான், அவ்வளவுதான் வித்தியாசம். எந்தக் குட்டி வாங்கினாலும் அது பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடியிலிருந்து தீனிக்கு

நாய்ப் பயிற்சிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1910-ல் ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் என்பவர் போலீஸ், ராணுவ நாய்களுக்கான பயிற்சிப் புத்தகம் எழுதினார். சங்கிலியைச் சுண்டி இழுப்பது, தப்புக்குத் தண்டனை என்ற வழிதான் அதில் பிரதானம். பல நாடுகளில் அதுவே பல காலம் ஓடியது. பிறகு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், ஒரு செயலுக்கு உடனே நல்ல பலன் கிடைத்தால் அந்தச் செயல் திரும்ப நடக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டினார். அதையே நாய்க்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று 1951-ல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

1965-ல் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருட ஆராய்ச்சியைப் புத்தகமாக்கினார்கள். குட்டி பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 12 வாரம் வரை அதன் மனதின் கதவு திறந்திருக்கிறது, அப்போது பழகும் ஆட்களையும் சூழலையும் அது இயல்பாக ஏற்றுக்கொள்கிறது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு புதியது எல்லாம் முதலில் பயமாகத்தான் தெரியும். சிவகாசிக்காரர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

வெடிச் சத்தமும் குட்டியின் காதும்

மழை பொய்த்த கரிசல் பூமி இது. பிழைக்க வழி தேடி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு என்று வளர்ந்து, 1940-களில் பெரிய ஆலைகள் எழுந்தன. இந்தத் தொழில் சோறு போட்டது, உயிரும் கேட்டது. நாய்க்குப் பெயர் கொடுத்த அதே சிப்பிப்பாறையில் 2020 மார்ச்சில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் மடிந்தார்கள்.

இங்கே வெடிச் சத்தம் தீபாவளிக்கு மட்டும் அல்ல. கல்யாணம், கோயில் கொடை, தேர்தல் வெற்றி, சாவு ஊர்வலம் எல்லாவற்றுக்கும் வெடிதான். பட்டாசுச் சத்தம் 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 1999-ல் வந்த விதி. 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள். இதெல்லாம் மனிதக் காதுக்குப் போட்ட கணக்கு. மனிதனுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாய்க்கு 45,000 வரை கேட்கும். மெல்லிய சத்தத்தையும் அது வெகு தூரத்திலிருந்து பிடித்துவிடும்.

இப்போது அந்த 12 வாரக் கணக்குக்கு வருவோம். புரட்டாசியில் 8 வாரக் குட்டி வாங்கினால் ஐப்பசியில், அதாவது அந்தக் கதவு மூடும் நேரத்தில், தலைக்கு மேல் சரவெடி வெடிக்கும். அந்தப் பயம் ஆயுசுக்கும் நின்றுவிடலாம். தை மாதம் வாங்கினால் அடுத்த தீபாவளிக்கு எட்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. பட்டாசு ஊரில் குட்டி வாங்க நல்ல நேரம் பார்ப்பதென்றால் இதுதான் நல்ல நேரம்!

பழக்கும் முறை எளிது. பட்டாசுச் சத்தப் பதிவு ஒன்றைக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் அளவில் ஓடவிட்டு, அதே நேரம் குட்டிக்குப் பிடித்த தீனியைக் கொடுக்க வேண்டும். பயமில்லாமல் சாப்பிட்டால் சில நாள் கழித்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். காது மடங்கினால், வால் உள்ளே போனால் உடனே குறைக்க வேண்டும். தீபாவளி அன்று வெளியே கட்டிப் போடாமல் உள்ளறையில், ஜன்னல் சாத்தி, மின்விசிறி ஓட, பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். பயந்த குட்டியைத் தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பார்கள். அது தவறு. திட்டினால்தான் அதிகமாகும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து, குட்டி கண்டதையும் கடிக்கும் பழக்கம். தீக்குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, பச்சை நிற மத்தாப்புகளில் பேரியம் இருக்கிறது. ரெண்டு கிலோ எடையுள்ள குட்டிக்குக் கொஞ்சம் போனாலே விஷம். வீட்டில் தீப்பெட்டி வேலை நடந்தால் அந்த அறைக்குள் குட்டி வரவே கூடாது.

வயிறும் ஊசியும்

சின்ன இனக் குட்டிக்கு உடம்பில் சேமிப்பு குறைவு. வணிகவியல் பாஷையில் சொன்னால் கையிருப்பு இல்லாத கடை. அதனால் முதல் மூன்று நான்கு மாதம் ஒரு நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி. நேரம் தப்பினால் ரத்தச் சர்க்கரை இறங்கி நடுங்கும், தள்ளாடும். அப்போது சர்க்கரைக் கரைசலை ஈறில் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப்போய், போனவுடன் ஒரு துண்டு தீனி கொடுத்தால் கழிவிடப் பழக்கம் தானாக வரும். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பதில் பயனில்லை. எதற்கு அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் இன்றும் பயமுறுத்துவார்கள். 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய வெறிநாய்க்கடி மருந்தின் நினைவு அது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து 2004-05 வாக்கில்தான் இந்தியாவில் நின்றது. இப்போது மனிதனுக்கே கையில் சில ஊசிகள்தான். குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசி. இன்னொரு எதிரி பார்வோ வைரஸ். 1978-ல் உலகம் முழுக்கப் பரவிய இது குட்டிகளை ரத்த வயிற்றுப்போக்கில் கொல்லும். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி போட்டு, 16 வாரம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என்று தொடர வேண்டும். அதுவரை தெருவில் இறக்கிவிடாமல் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்டலாம். பழக்கமும் நடக்கும், நோயும் அண்டாது.

கடைசியாக ஒரு கணக்கு

2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது, வளர்த்து விற்பவர் பதிவு செய்திருக்கவும் வேண்டும். வாங்கும் முன் இந்த இரண்டையும் கேட்பது வாங்குபவர் உரிமை. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.

குட்டியின் விலை ஒருமுறை செலவு. அதன் பிறகு 12, 15 வருடம் தீனி, ஊசி, நேரம் என்று நடப்புச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். பலர் முதல் செலவை மட்டும் கணக்குப் போட்டு வாங்கிவிட்டு, இரண்டாவதைப் பார்த்ததும் ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிறார்கள். வேட்டை நாய்க்கு வேலை போனது சட்டத்தால். பக்குக்கு மூச்சு போனது ரசனையால். வெள்ளை ராஜபாளையத்துக்குக் காது போனது நிற ஆசையால். ஒவ்வொரு முறையும் முடிவு எடுத்தது மனிதன், அனுபவித்தது நாய். அடுத்து ஒரு குட்டி வீட்டுக்கு வரும்போதாவது முடிவு எடுப்பவர் அதன் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து எடுக்கட்டும்.