எந்தக் கேள்விக்கு எந்த எண்? எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் ஜான் பி. க்ளைனின் புள்ளியியலும்

சியாட்டில் நகரின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்து ஆய்வாளர்கள் 1979இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்ட 242 ரத்தப் புற்றுநோயாளிகள் அதில் மூன்று பிரிவாகப் பார்க்கப்பட்டார்கள். உருவொத்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்கள் 46 பேர். பிறரிடமிருந்து பெற்று, ஜி.வி.எச்.டி. வராமலோ மிக லேசாக வந்தோ போனவர்கள் 117 பேர். அது ஓரளவோ கடுமையாகவோ நாட்பட்டோ வந்தவர்கள் 79 பேர். கொடையாளியின் எதிர்ப்பு அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றை அந்நியமாகக் கொண்டு தாக்கும் நிலையே ஜி.வி.எச்.டி. மருத்துவர்கள் அஞ்சும் இச்சிக்கல் வந்தவர்களிடம் புற்றுநோய் மீளும் வீதம், பிறர் மஜ்ஜை பெற்றும் இது வராதவர்களைவிட இரண்டரை மடங்கு குறைவாக இருந்தது. ஆனால் பிழைத்திருப்போர் விகிதம் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றே. புற்றுநோய் விட்டுவைத்தவர்களைப் பிற காரணங்கள் கொண்டுபோயின.

இந்த முடிவை நம்புவதற்கு முன் ஒரு ஐயத்தைத் தீர்த்தாக வேண்டும். ஜி.வி.எச்.டி. வந்தவர்கள் சீக்கிரம் இறந்துபோனதால்தான் புற்றுநோய் மீள நேரம் கிடைக்காமல் போனதோ? நோய் மீண்டவர்களை எண்ணிப் பிரிவின் மொத்தத்தால் வகுத்தால் இந்த ஐயம் தீராது. ஒவ்வொரு நாளிலும் இன்னும் உயிரோடு, நோயடங்கிய நிலையில் இருப்பவர்களை மட்டும் கணக்கில் எடுத்து, அவர்களுக்கு நோய் மீளும் வேகத்தைக் கேட்க வேண்டும். காரணம்சார் இடர்வீதம் என்பது இதுதான். கட்டுரை ஆசிரியர்களில் நான்சி ஃப்ளோர்னாய், ராஸ் பிரென்டிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் இருந்தார்கள். ஒரு நிகழ்வு மற்றொன்றை நேரவிடாமல் தடுக்கும் இத்தகைய போட்டி இடர்களின் கோட்பாட்டை பிரென்டிஸும் உடன் ஆய்வாளர்களும் பயோமெட்ரிக்ஸ் இதழில் வகுத்துத் தந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் புள்ளியியல், முடிவுகளைச் சரிபார்த்துத் தரும் துணைத்தொழிலாக மட்டும் இருந்ததில்லை, எதைக் கேட்கிறோம் என்பதையே அது தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். இதை மிகத் தெளிவாகக் காட்டும் ஆய்வு வாழ்க்கை ஜான் பி. க்ளைனுடையது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றிய அவர் 2013இல் காலமானார். அவருடைய பணிகளைப் பட்டியலிட்டால் ஒரு பாடநூல், ஒரு பதிவகம், மருத்துவர்களுக்கான சில விளக்கக் கட்டுரைகள், சில நுட்பமான முறையியல் கட்டுரைகள் எனச் சிதறிக் கிடப்பவைபோலத் தோன்றும். அவற்றினூடே ஓடும் பிடிவாதம் ஒன்றுதான்: ஒரு கேள்விக்குரிய எண்ணை இன்னொரு கேள்விக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

பதிவகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்குச் சில பத்துப் பேருக்கு மட்டுமே நடக்கும் சிகிச்சையின் பலனை அறிய, பல நாட்டுத் தரவுகளை ஓரிடத்தில் சேர்த்தாக வேண்டும். மார்டிமர் போர்டின் 1972இல் மில்வாக்கியில் தொடங்கிய சர்வதேச எலும்பு மஜ்ஜை மாற்றுப் பதிவகம் அதைச் செய்தது. 1990இல் மேரி ஹோரோவிட்ஸும் பிறரும் இந்தப் பதிவகத்தின் 2,254 நோயாளிகளைக் கொண்டுதான், கொடையாளி அணுக்கள் புற்றுநோயைத் தாக்குகின்றன என்ற 1979ஆம் ஆண்டுக் கருத்தைப் பெரும் அளவில் உறுதிசெய்தார்கள். க்ளைன் வந்து சேர்ந்தது இந்தத் தரவுக் களஞ்சியத்துக்கு.

மெல்வின் மோஷ்பெர்கருடன் அவர் எழுதி 1997இல் வெளியான உயிர்வாழ்வுப் பகுப்பாய்வுப் பாடநூலில் ஒரு மஜ்ஜை மாற்றுத் தரவு அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்ப வருகிறது. கொலம்பஸ், ஃபிலடெல்ஃபியா, சிட்னி, மெல்போர்ன் ஆகிய ஊர்களின் நான்கு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 137 பேர். அவர்களில் 42 பேருக்குப் புற்றுநோய் மீண்டது. 41 பேர் நோய் மீளாமலே இறந்தார்கள். இரண்டும் ஏறக்குறையச் சமம் என்பதைக் கவனிக்க வேண்டும். பிற காரண மரணம் அபூர்வமாக இருக்கும் துறைகளில் போட்டி இடரைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம், பெரிய பிழை நேராது. இங்கே விட்டால் பாதிக் கதை போய்விடும். இந்தத் தரவைப் பாடமாக்கியதன் மூலம், உலகெங்கும் இத்துறை பயிலும் மாணவர்கள் தம் முதல் பயிற்சிகளிலேயே இச்சிக்கலைச் சந்திக்கும்படி செய்துவிட்டார்கள். பல கோட்பாட்டுக் கட்டுரைகளைவிட இதன் விளைவு பெரிது என்பேன்.

பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குக் கற்பனைக் கணக்கு ஒன்று போதும். 100 பேருக்குச் சிகிச்சை நடக்கிறது. முதல் நூறு நாளில் 40 பேர் தொற்றாலும் ஜி.வி.எச்.டி.யாலும் இறக்கிறார்கள், யாருக்கும் நோய் மீளவில்லை. பின்னர் எஞ்சிய 60 பேரில் 30 பேருக்கு நோய் மீள்கிறது. நோய் மீள்வதற்கான வாய்ப்பு 30 விழுக்காடு என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய உண்மை. ஆனால் இறந்த 40 பேரையும் தொடர்பு விட்டுப்போனவர்களாகக் கொண்டு, காப்லானும் மையரும் 1958இல் தந்த முறையில் கணக்கிட்டால் 50 விழுக்காடு வரும். அதனுடன் சிகிச்சைசார் மரணத்தின் 40ஐக் கூட்டினால் 90. நலமாக இருப்பவர்களோ 30 பேர். கூட்டல் நூறைத் தாண்டுகிறது! அந்த 50 பொய் எண் அல்ல. சிகிச்சையால் யாருமே இறக்காத, மற்றபடி எதுவும் மாறாத ஓர் உலகில் நோய் மீளும் வாய்ப்பு அது. அந்த உலகில் எந்த நோயாளியும் வாழவில்லை என்பதுதான் சிக்கல். 1990களிலும் பல மருத்துவக் கட்டுரைகள் இந்த எண்ணையே நடைமுறை வாய்ப்பாகத் தந்துகொண்டிருந்தன. மென்பொருள்களில் அதுவே எளிதாகக் கிடைத்ததும் ஒரு காரணம். 1999இல் சியாட்டிலின் டெட் கூலியும் பிறரும் இதைச் சுட்டிக்காட்டினர். 2001இல் க்ளைனும் ரிசோ, ஜாங், கெய்டிங் ஆகியோரும் மருத்துவர்களே படிக்கும் மஜ்ஜை மாற்று இதழில் மேலே கண்ட 30 விழுக்காட்டைத் தரும் திரள் நிகழ்வு வாய்ப்பின் முறையை இரு பகுதிகளாக விளக்கினர்.

அப்படியானால் எப்போதும் திரள் நிகழ்வு வாய்ப்பையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். கூடாது. 1979ஆம் ஆண்டுக் கேள்விக்கு அதே வாய்ப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஜி.வி.எச்.டி. எந்தப் புற்றணுவையும் தொடாமல் நோயாளிகளை மட்டும் சீக்கிரம் கொன்றாலும் நோய் மீளும் திரள் வாய்ப்பு குறைந்துவிடும். சிகிச்சை பெறப்போகும் ஒருவர் ‘எனக்கு என்ன ஆகும்?’ என்று கேட்டால் திரள் வாய்ப்பைச் சொல்ல வேண்டும். ‘இந்த அணுக்கள் புற்றுநோயைத் தாக்குகின்றனவா?’ என்று உயிரியலாளர் கேட்டால் இடர்வீதத்தைச் சொல்ல வேண்டும். 1999இல் ஃபைனும் கிரேயும் முன்வைத்த மாதிரி திரள் வாய்ப்பையே ஒருவகை இடர்வீதமாக மாற்றி எழுதுகிறது. ஏற்கெனவே வேறு காரணத்தால் இறந்தவர்களையும் நோய் மீளும் அபாயத்தில் இருப்பவர்களாக அது எண்ணிக்கொள்கிறது. கணிதத்தில் பழுதில்லை, ஆனால் அதன் குணகத்தை நோயாளிக்கோ மருத்துவருக்கோ விளக்கிச் சொல்வது கடினம்.

க்ளைனும் கோபன்ஹேகனின் பெர் கிராக் ஆண்டர்சனும் கண்ட மாற்றுவழி, என் மதிப்பீட்டில், இந்த ஆய்வு வாழ்க்கையின் மிகச் சிறந்த பங்களிப்பு. எல்லா நோயாளிகளையும் கொண்டு வாய்ப்பை மதிப்பிட்டு நோயாளிகளின் எண்ணிக்கையால் பெருக்குவது. ஒருவரை விலக்கிவிட்டு மீண்டும் மதிப்பிட்டு, எஞ்சியோர் எண்ணிக்கையால் பெருக்கிக் கழிப்பது. கிடைப்பது அந்த ஒருவருக்கான போலி மதிப்பு. எல்லாரையும் கடைசிவரை பின்தொடர முடிந்திருந்தால், நிகழ்வு நேர்ந்தவருக்கு 1, நேராதவருக்கு 0 என்றே இது அமையும். பாதியில் தொடர்பு அறுந்தவர்கள் இருக்கும்போதுதான் இடைப்பட்ட மதிப்புகளும் சில சமயம் 1ஐத் தாண்டும் மதிப்புகளும் வரும். பிறகு சாதாரண தொடர்புப் போக்குப் பகுப்பாய்வே போதும். வயது, கொடையாளி உறவு, நோயின் கட்டம் ஆகியவை வாய்ப்பை எவ்வளவு மாற்றுகின்றன என்று நேராகவே கேட்கலாம். 2003இல் ரோஸ்தோயுடன் பயோமெட்ரிகாவிலும் 2005இல் போட்டி இடர்களுக்காகப் பயோமெட்ரிக்ஸிலும் இது வெளியானது. பின்தொடர்தல் அறுபடுவது நோயாளியின் பண்புகளைச் சார்ந்திருந்தால் முறை பிசகும் என்பது இதன் பலவீனம். எடை சேர்த்துத் திருத்தும் வழிகள் பின்னர்தான் வந்தன.

2008இல் லோகன், க்ளைன், ஜாங் மூவரும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் உயிர்வாழ்வு வரைகோடுகள் பற்றி எழுதியதும் இதே மனப்போக்கில்தான். கடுமையான சிகிச்சை தொடக்கத்தில் அதிகம் பேரைக் கொல்லும், பின்னர் அதிகம் பேரைக் காக்கும். எக்காலத்துக்கும் ஒரே விகிதம் என்னும் காக்ஸின் 1972 மாதிரி அங்கே சராசரி ஒன்றைத் தந்துவிட்டு உண்மையை மறைக்கும். நீண்டகாலப் பலன்தான் கேள்வி என்றால், குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின்வருவதை மட்டும் ஒப்பிடுவதே முறை.

துணிச்சலான பணி இவற்றுக்கும் முந்தியது. 1990இல் கோல்பும் பிறரும், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் மீண்டவர்களுக்குக் கொடையாளியின் லிம்ஃபோசைட்டுகளைச் செலுத்தினால் நோய் மீண்டும் அடங்கக்கூடும் என்று காட்டினார்கள். வழக்கமான நோயற்ற உயிர்வாழ்வு வரைகோடோ நோய் மீண்ட நாளிலேயே அவர்களைத் தோல்வியாக எழுதிவிட்டது. அந்தக் கோட்டுக்கு இறங்க மட்டுமே தெரியும். 2000இல் லண்டனின் ஜான் கோல்ட்மேன் உள்ளிட்டோருடன் சேர்ந்து க்ளைன் பலநிலை மாதிரி கொண்டு தற்போதைய நோயற்ற உயிர்வாழ்வு என்ற அளவையை உருவாக்கினார். ஒரு குறிப்பிட்ட நாளில் உயிரோடு நோயற்று இருப்பதற்கான வாய்ப்பு என்ன, அந்நிலை முதல் முறை எய்தியதோ இரண்டாம் முறை எய்தியதோ? இந்தக் கோடு ஏறவும் செய்யும்.

2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தபின் அந்நோய்க்கு மஜ்ஜை மாற்றுவது வெகுவாகக் குறைந்தது. முறை அத்துடன் வழக்கொழியவில்லை. மாத்திரையால் நோயடங்கி, பின் மீண்டு, வேறு மருந்தால் மறுபடி அடங்கும் நோயாளிகளுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். 2015இல் ஹோல்டனும் பிறரும், கடும் ஜி.வி.எச்.டி., சிகிச்சை தேவைப்படும் நாட்பட்ட ஜி.வி.எச்.டி., நோய் மீள்வு, மரணம் ஆகிய நான்கையும் ஒரே தோல்வியாகச் சேர்த்து எண்ணும் அளவையைப் பரப்பினார்கள். சோதனைகளை வடிவமைக்க அது வசதியானது. ஆனால் நாட்பட்ட ஜி.வி.எச்.டி. வந்து இரண்டாண்டில் மருந்தையே நிறுத்திவிட்டவரும், புற்றுநோய் மீண்டு இறந்தவரும் அதில் ஒரே கணக்கில் விழுகிறார்கள். 2017இல் சாலமனும் பிறரும் முன்வைத்த தற்போதைய நிலைசார் அளவை இதற்கான மறுப்பு. தேறியவர்களை அது மீண்டும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.