மூலப் படம் எங்கே? ஸ்டூடியோ டச்சப் முதல் ஆன்லைன் வாழ்த்து அட்டை வரை



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்திருந்தார். நமது வளாகத்தில் பல வருடம் இரவுக் காவலராக இருந்து, சென்ற ஆண்டு காலமான பெரியவரின் மகள். "அப்பா போட்டோ ஏதாவது இருக்குமா சார்? எங்ககிட்ட ரேஷன் கார்டுல இருக்கறது மட்டும்தான். தலைத் திவசத்துக்குப் பெரிசா பண்ணி மாட்டணும்" என்று கேட்டார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. 2011 பொங்கலன்று முன்வாசலில் பானை வைத்தபோது நான் எடுத்த படம் ஒன்று உண்டு. கையில் கரும்போடு அவர் சிரித்தபடி நிற்பார். அப்போது நான் சங்கச் செயலாளர். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் தேடினேன். கிடைத்தது அந்தப் படம் அல்ல, அதை வைத்து நான் ஆன்லைனில் தயாரித்து முகநூலில் போட்ட வாழ்த்து அட்டை. தமிழில் 'பொங்கல்' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து வந்ததால், ஆங்கில எழுத்தில் 'ஹேப்பி பொங்கல்' என்று பெரிதாகப் போட்டிருந்தேன். அது சரியாக அவர் கண்களை மறைத்துக்கொண்டு நின்றது.

மூலப் படம் எங்கே? நான்தான் அழித்தேன். பேத்தியின் காதுகுத்து விழாவுக்கு கேமராவில் இடம் வேண்டியிருந்தது. அட்டைதான் இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன்.

எப்படி இந்தப் பழக்கம் நமக்கு வந்தது என்று யோசித்தபோது, படத்தைத் திருத்தும் கலையின் வரலாற்றையே கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

நெகட்டிவ் காலம்

படத்தைத் திருத்துவது புதிய சங்கதி அல்ல. என் வயதுக்காரர்களுக்கு ஸ்டூடியோ 'டச்சப்' நினைவிருக்கும். நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டுவார்கள். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். அம்மைத் தழும்பும் நெற்றிச் சுருக்கமும் அப்படித்தான் மறைந்தன. ஆனால் ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைத் தூக்கி எறியமாட்டார். கவரின் மேல் ஓர் எண் எழுதித் தருவார். பத்து வருடம் கழித்து அந்த எண்ணைச் சொன்னாலும் பெட்டியிலிருந்து தேடி எடுத்து இன்னொரு பிரதி போட்டுக் கொடுப்பார்.

கம்ப்யூட்டர் வந்தது

1987-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், தன் மேக்கின்டோஷ் கம்ப்யூட்டரின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக ஒரு சிறிய புரோகிராம் எழுதினார். சினிமா தந்திரக் காட்சிகளுக்குப் பெயர்போன இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் வேலை பார்த்த அவருடைய தம்பி ஜான் நோல் அதைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். அதுதான் 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் வெளியிட்ட ஃபோட்டோஷாப்.

1994-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 'லேயர்' என்ற வசதி சேர்ந்தது. படத்தின் மேல் கண்ணாடித்தாளை வைத்து, அந்தத் தாளில் எழுதுவது போல. எழுத்து வேண்டாமென்றால் தாளை எடுத்துவிடலாம். அடியில் இருக்கும் படத்துக்குச் சேதமில்லை. ஆனால் அந்த மென்பொருளின் விலையும், அதைக் கற்கத் தேவையான பொறுமையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதவை. நாமெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கும் நோட்டீஸுக்கும் டிடிபி சென்டர் வாசலில்தான் காத்திருந்தோம்.

பிரவுசருக்குள் ஒரு ஸ்டூடியோ

2000-க்குப் பிறகு இணைய வேகம் கூடியதும், எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே படம் திருத்தும் தளங்கள் வந்தன. அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்த 'பிக்னிக்' அவற்றில் புகழ்பெற்றது. 2008-ல் சுவீடன்காரர் ஒருவர் உருவாக்கிய 'பிக்ஸ்லர்' வந்தது. அதே ஆண்டு அடோபியும் இலவசமாக 'ஃபோட்டோஷாப் எக்ஸ்பிரஸ்' என்ற தளத்தைத் திறந்தது.

அதே சமயத்தில் சமூக ஊடகங்களும் வளர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. முகநூலின் அட்டைப்படத்துக்கு 851-க்கு 315 பிக்சல். 2010-ல் தொடங்கிய இன்ஸ்டாகிராமில் 2015 வரை சதுரப் படம் மட்டுமே போட முடியும். படத்தை வெட்டி, எழுத்துப் போட்டு, அளவுக்குப் பொருத்தித் தரும் கருவி எல்லோருக்கும் தேவைப்பட்டது.

இந்தத் தேவையைச் சரியாகப் பிடித்தவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மெலனி பெர்கின்ஸ். கல்லூரியில் சக மாணவர்களுக்கு டிசைன் மென்பொருள் சொல்லிக்கொடுத்தபோது, பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று கற்கவே அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆவதைக் கவனித்தார். 2007-ல், பள்ளி ஆண்டுமலர்களை ஆன்லைனில் வடிவமைக்கும் தொழிலைத் தாயார் வீட்டுக் கூடத்தில் தொடங்கினார். அதன் அடுத்த படியாக 2013-ல் வெளியானது 'கேன்வா'. மாதிரி அட்டையைத் தேர்ந்தெடு, படத்தை இழுத்துப் போடு, எழுத்தை மாற்று, முடிந்தது.

தமிழுக்கும் விடிவு வந்தது. யூனிகோடு பரவி, 'கட்டமரன்', 'ஹிந்த் மதுரை', 'முக்தா மலர்', 'பலூ தம்பி' போன்ற எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. கொம்பும் காலும் பிரியாமல் அட்டைகள் வந்தன. இன்று நம் வளாகத்தின் கொலு அழைப்பு, தண்ணீர் லாரி அறிவிப்பு, இரங்கல் செய்தி எல்லாமே யாரோ ஒருவர் பத்து நிமிடத்தில் போனிலேயே செய்வதுதான். இது பெரிய வரம். மறுக்கவில்லை.

வரத்தோடு வந்த நஷ்டம்

ஸ்டூடியோக்காரரின் நெகட்டிவ் பெட்டி மட்டும் இந்தப் பயணத்தில் எங்கோ தவறிவிட்டது.

பிக்னிக் தளத்தை 2010-ல் கூகுள் வாங்கியது, 2012 ஏப்ரலில் மூடியது. படங்களை இறக்கிக்கொள்ளத் தவணை கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அறிவிப்பைக் கவனித்தவருக்குத்தானே அது உதவும்? பழைய ஆன்லைன் கருவிகள் பல ஓடிக்கொண்டிருந்த 'ஃபிளாஷ்' தொழில்நுட்பத்துக்கே 2020 டிசம்பரோடு அடோபி ஆதரவை நிறுத்திக்கொண்டது.

இன்னொன்று, நாம் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் வகைப் படம். அதில் அளவைக் குறைக்கச் சில விவரங்கள் கழிக்கப்படுகின்றன. திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது மேலும் கழியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இன்னும் சுருங்கும். எழுத்தும் படமும் ஒன்றாகிவிட்ட அட்டையிலிருந்து கண்ணாடித்தாளைப் பிரித்தெடுக்க முடியாது.

2018 தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது நினைவிருக்கிறதா? இந்தியர்களின் போன்கள் அடிக்கடி நிறைந்துபோவதற்கு 'குட் மார்னிங்' படங்கள் ஒரு முக்கியக் காரணம் என்று கூகுள் கண்டறிந்ததாம். அட்டைகளுக்கு இடம் போதாமல் நாம் அசல் படங்களை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

வங்கியில் நான் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. லெட்ஜரில் தவறு நேர்ந்தால் சுரண்டக் கூடாது, மேலே எழுதக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். வவுச்சரை எடுத்து வைக்க வேண்டும். பல வருடம் அதைக் கடைப்பிடித்த நான், படம் என்று வந்தபோது வவுச்சரையே கிழித்துப் போட்டுவிட்டேன்.

பி பிளாக் இளைஞர் ஒருவர், செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு அந்த எழுத்தை அழித்துத் தந்தார். ஒரே நிமிடத்தில் இரண்டு கண்கள் வந்தன. அழகான கண்கள். மகளிடம் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது அப்பா இல்லை சார்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே என் வேண்டுகோள். அட்டை செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் படத்தின் பிரதியில் செய்யுங்கள். அசலைத் தனி ஃபோல்டரில் வைத்து, எந்த நாள், யார் யார் என்று எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் தளத்திலிருந்து இறக்கி வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். சங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. 2011 பொங்கலன்று முன்வாசலில் நம்மில் இன்னும் நாலைந்து பேராவது கேமரா வைத்திருந்தோம். பழைய சி.டி., பென் டிரைவ், அலமாரியில் கிடக்கும் மெமரி கார்டு, எதிலாவது கரும்போடு நிற்கும் அந்தப் பெரியவர் இருக்கிறாரா என்று தயவுசெய்து பாருங்கள். ஓரமாக, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. திவசத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. சங்க அலுவலகத்தில் கொடுத்தால் போதும், பெரிதாக்கிச் சட்டம் போடும் செலவு என்னுடையது.