வரி தவறும் கண்கள்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, இங்கே மேல்விஷாரத்தில் என் சம்பந்தியின் தோல் கிடங்குக்குப் போயிருந்தேன். மேஜையில் விரித்திருந்த தோலை ஒரு பார்வை பார்த்தார். "இது உண்ணிக் கடி, இது முள் கீறல், இது உரிக்கும்போது கத்தி பட்டது" என்று மூன்று இடங்களில் விரல் வைத்தார். அதே வெளிச்சத்தில்தான் நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பழக்கம்தான் சம்பந்தி. ஆனா என்னோட தொழிலுக்கு வந்த எல்லாருக்கும் இந்தக் கண்ணு வரலை" என்றார்.

அந்தப் பேச்சு என்னை நாற்பது வருஷம் பின்னால் கொண்டுபோய் விட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டே போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது தவறென்று 1879-ல் பாரிஸில் எழுதியவர் எமில் ழவால் என்ற கண் மருத்துவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் லமார் என்பவர், படிப்பவரின் இமைமேல் ஒரு கருவியைப் பொருத்தி, கண் அசையும் சத்தத்தைக் குழாய் வழியாகக் கேட்டு எண்ணினார். கண் ஓடவில்லை, குதித்தது. 15 முதல் 18 எழுத்துக்கு ஒரு குதி. அதற்கு அவர்கள் சொன்ன பெயர் 'சக்காட்'. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது பழகிய சொல். குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பதைக் குறிப்பது. இன்று உலகம் முழுக்க மருத்துவர்கள் அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் சோதிக்கலாம். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கும் பேரனுக்குத் தெரியும்.

1935-ல் சிகாகோவில் கை பஸ்வெல் என்பவர், படங்களைப் பார்க்கும் 200 பேரின் கண் அசைவைப் பதிவு செய்து ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரே படம்தான், ஆனால் கண் போன வழி ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது.

1978-ல் பீட்டர் ஹாலெட் என்பவர் வேறு ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் வெளிச்சப் புள்ளி தோன்றும். அதைப் பார்க்காமல் எதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் விதி தெரிந்திருந்தும், மனம் வைத்திருந்தும், கண் தானாகப் புள்ளியை நோக்கி ஓடிவிடும். சிலருக்கு எப்போதாவது, சிலருக்கு அடிக்கடி. ஒரு வேலையின் நடுவே பல விஷயங்களை மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியவர்கள் இதில் குறைவாகத் தவறுகிறார்கள் என்று 2001-ல் மைக்கேல் கேன், ராண்டல் எங்கிள் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் காட்டினார்கள்.

இனி என் கதை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் எனக்குக் கீழே ஒரு இளைஞர் இருந்தார். பதிவேட்டைப் பிரதி எடுக்கும்போது வரி விட்டுவிடுவார். தானே வழி கண்டு, வரிக்குக் கீழே ரூல்தடி வைத்துக்கொண்டு எழுதினார். "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா நீ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மறுநாளிலிருந்து ரூல்தடி மேஜைக்கு வரவில்லை. தவறுகள் கூடின. 'கவனக்குறைவு, அக்கறையின்மை' என்று குறிப்பு எழுதியவன் நானே. அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு நின்றது.

அவருடைய கண்ணை யாரும் சோதிக்கவில்லை, ஆகவே இதுதான் காரணம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் 'அக்கறையின்மை' என்று எழுதவும் எனக்குத் தகுதி இருக்கவில்லை. அக்கறை இல்லாதவர் ரூல்தடியைத் தேடியிருக்க மாட்டார்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. செய்தித்தாள் படிக்கும்போது வரி தவறுகிறது. ஒரு அட்டையை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை விரல் வைத்துப் படித்தால், தயவுசெய்து அந்த விரலைத் தட்டிவிடாதீர்கள்.