சிறு பொருளும் வாங்குவோர் உரிமையும்

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. ஆயினும் கடைத்தெருவுக்கும் ஒரு வரலாறு உண்டு. பழுதான பொருளை வாங்கியவன் அதற்கு மாற்றுப் பொருள் கேட்கலாமா, கேட்பதால் பயன் உண்டா என்னும் வினாவிற்கு அவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. நேர்மையான வாணிகத்தை நம் முன்னோர் புகழுக்குரியதாகக் கருதினர் என்பதற்கு இது சான்றாகும்.

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் நிலை வேறு. தோட்டத்துக் கடையில் கடனுக்குப் பொருள் வாங்கிச் சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பதே பலரின் வழக்கமாக இருந்தது. கடன்பட்டவன் பொருளின் குறையை எவ்வாறு எடுத்துரைப்பான்? அடுத்த மாத அரிசியும் அதே கடையிலிருந்துதானே வரவேண்டும்! வறுமை அவன் வாயை அடைத்தது.

1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் வாங்குவோருக்குச் சில பாதுகாப்புகளை அளித்தது. ஆனால், அவற்றை நிலைநாட்ட நீதிமன்றம் செல்ல வேண்டும். முப்பது வெள்ளிப் பொருளுக்காக வழக்கறிஞரை அமர்த்துவார் யார்? சட்டம் ஏட்டில் இருந்தும் எளியவர்க்கு எட்டாத கனியாயிற்று.

இந்நிலையை மாற்றப் பயனீட்டாளர் இயக்கங்கள் தோன்றின. சிலாங்கூரில் 1965ஆம் ஆண்டிலும் பினாங்கில் 1969ஆம் ஆண்டிலும் சங்கங்கள் அமைந்தன. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019ஆம் ஆண்டு மறைந்தார். அச்சங்கம் தமிழிலும் இதழ் வெளியிட்டு நம்மவரிடையே விழிப்புணர்வை வளர்த்தது.

இவ்வுழைப்பின் பயனாக 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும் என அது விதிக்கின்றது. பழுதைச் சரிசெய்தல், மாற்றித் தருதல், பணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவை அச்சட்டம் காட்டும் வழிகள். உத்தரவாத அட்டை இல்லாவிடினும் இவ்வுரிமை அழியாது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்னும் அறிவிப்புப் பலகையும் இதனைப் பறிக்க இயலாது. எனினும், முறைகேடாகப் பயன்படுத்திக் கெடுத்த பொருளுக்கு இது பொருந்தாது. பொருளின் விலையையும் கருதியே தரம் அளக்கப்படும்.

அச்சட்டத்தின்கீழ்ப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் அமைந்தது. மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி. விசாரணையில் வழக்கறிஞர் வாதாடுவதில்லை. உரிமை கோரும் வரம்பு தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்து, 25,000 ஆகி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 வெள்ளியாயிற்று. மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும்.

உரிமை உண்டு என்பதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் அலைய வேண்டுமா? இங்கே கணக்கறிவு தேவை. சிலிபினில் வாழும் ஒருவர் ஈப்போ நகரில் முப்பது வெள்ளிக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கினார் என்று கொள்வோம். கடை அண்மையில் இருந்து, ரசீதும் கையில் இருப்பின், தாமதமின்றிச் சென்று கேட்பதே அறிவுடைமை. நாட்கள் கடந்தால் பொருளை மறுக்கும் உரிமையே நழுவக்கூடும். தொலைவிலுள்ள நிறுவனத்திற்கு அனுப்பும் செலவும் இழக்கும் நாள் கூலியும் பொருளின் விலையை விஞ்சுமானால், அதை விட்டுவிடுவதில் இழுக்கில்லை. ஆயினும் மின் அதிர்ச்சி தரும் பொருளாயின், விலை எவ்வளவு குறைவாயினும் முறையிடுதல் கடமை. அடுத்து வாங்குபவரின் உயிர் அதில் அடங்கியுள்ளது.

முப்பது வெள்ளி செல்வருக்குச் சிறு தொகை. அன்றாடங் கூலிக்கு அது ஒருநாள் உணவு. எனவே, எதைக் கேட்பது, எதை விடுவது என்பதை வாங்கியவரே சீர்தூக்கி முடிவு செய்தல் வேண்டும். அச்சம் முடிவு செய்தல் ஆகாது. ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் ஒரு ரசீதைக் காட்டி அதைப் படிக்கவும் பாதுகாக்கவும் பழக்குவார்களாயின், தோட்டத்துக் கடைமுன் நம் பாட்டன்மார் காத்த மௌனம் பேரர் தலைமுறையிலேனும் கலையும்.