கப்பல் சரக்கும் கார் உத்தரவாதமும்

முத்து வணிகத்தால் பெயர் பெற்ற பழைய கொற்கைத் துறைக்கு அருகில் உள்ளது ஆத்தூர். அவ்வூர்க்காரர் ஒருவர் இன்று தூத்துக்குடியில் புதுக் கார் வாங்கினால், நீட்டித்த உத்தரவாதத்துக்கும் பணம் கட்டுகிறீர்களா என்று கேட்பார்கள். கட்டுவதா, வேண்டாமா? கடலில் சரக்கு அனுப்பிய வணிகர்களுக்கும் இதே ஐயம் இருந்தது.

1654-இல் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டக் கணக்கு ஒன்றிலிருந்து நிகழ்தகவுக் கணிதத்துக்கு வித்திட்டனர். 1738-இல் டேனியல் பெர்னூலி அதை ஒரு வணிகரின் சிக்கலுக்குப் பொருத்தினார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பீட்டர்ஸ்பர்குக்கு வரும் சரக்கின் மதிப்பு 10,000 ரூபிள். நூறு கப்பல்களில் ஐந்து அழிந்துபோகும். ஆகவே சராசரி நட்டம் 500 ரூபிள். காப்பீட்டுக் கட்டணமோ 800. அப்படியானால் காப்பீடு வீண்தானே? இல்லை என்றார் பெர்னூலி. ஒரே இழப்பு செல்வந்தருக்குச் சிறிது, எளியவருக்குப் பெரிது. அச்சரக்கு நீங்கலாக 5,043 ரூபிளாவது உடையவரே காப்பீட்டைத் தவிர்க்கலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

காருக்கும் இதே கணக்குத்தான். உத்தரவாதக் கட்டணம் 15,000 ரூபாய் என்றும், பத்துக் கார்களில் ஒன்றுக்கு 60,000 ரூபாய்ப் பழுது நேரும் என்றும் கொள்வோம். சராசரிச் செலவு 6,000 ரூபாயே. மீதி 9,000 விற்பவரின் செலவுக்கும் இலாபத்துக்கும் போகிறது. அறுபதாயிரத்தைச் சேமிப்பிலிருந்து தாங்க முடிந்தவர் மறுத்துவிடலாம். அச்செலவு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையே விழுங்கிவிடும் என்றால், பணம் கட்டுவதில் தவறில்லை. ஆனால் பிரேக், கிளட்ச் போன்றவற்றின் தேய்மானம் பொதுவாக இதில் அடங்காது. எவையெவை அடங்கா என்பதைப் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.