யாழ் மீண்டு வருமா?



ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்திலிருந்து கலைமகளின் திருவுருவம் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்வதை நீங்கள் அறிவீர்கள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருவர். குழித்துறையில் ஓரிரவு தங்கி, களியக்காவிளையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையை அடைந்து, அங்கே மற்றோர் இரவு தங்கிச் செல்வது வழக்கம். 1956 நவம்பர் 1ஆம் நாள் இந்த வழியின் நடுவே மாநில எல்லை அமைந்தது. விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கலைமகளின் பயணம் மட்டும் தொடர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பாறசாலைச் சாலையோரத்தில் அவ்வூர்வலத்திற்காகக் காத்து நின்றபோது, என் தமக்கை மகன் ஒரு கேள்வி கேட்டான். அவன் கிட்டார் வாசிப்பவன். "மாமா, நிறுத்திவிட்ட கிட்டாரையே விரும்பிக் கேட்டு மறுபடியும் செய்ய வைத்திருக்கிறார்கள். நம்முடைய யாழை மட்டும் ஏன் திரும்பக் கொண்டுவர முடியவில்லை?" என்றான்.

அவன் குறிப்பிட்டது அமெரிக்க நாட்டுக் கிரெட்ச் என்னும் கிட்டாரை. உடல் குடைவாக அமைந்த மின் கிட்டார் அது. மரப்பேழையினுள் எழும் முழக்கமும் மின்கருவியின் கூர்மையும் கலந்து ஒலிப்பது அதன் சிறப்பு. பீட்டில்ஸ் குழுவினரான ஜார்ஜ் ஹாரிசன் கையில் அதைக் கண்டு உலகெங்கும் இளைஞர்கள் மயங்கினர். 1967இல் அக்குடும்பம் தன் நிறுவனத்தை விற்றுவிட்டது. 1980ஆம் ஆண்டையொட்டி உற்பத்தியும் நின்றது. பழைய கருவிகளைத் தேடியலைந்த ஆர்வலர்களின் விருப்பம் வீண்போகவில்லை. 1989இல் அதே குடும்பத்தார் ஜப்பானியத் தொழிற்கூடமொன்றின் துணையோடு மீண்டும் அவற்றை வெளியிட்டனர்.

ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளியில் ஒரு கருவி மீள்வது வியப்பன்று. பழைய கருவிகள் வாசிப்போர் வீடுகளில் இருந்தன, செய்யத் தெரிந்த கைகள் இருந்தன, ஒலித்தட்டுகள் இருந்தன, அவ்வொலியைக் கேட்டுப் பழகிய செவிகளும் இருந்தன. யாழுக்கோ இந்நான்கில் ஒன்றேனும் எஞ்சவில்லை. இந்த வேறுபாட்டை அன்று சாலையோரத்தில் நான் அவனுக்கு விளக்கிச் சொல்ல இயலவில்லை. யானை வந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. அன்று விட்ட விடையைத்தான் இப்போது கூற முற்படுகிறேன்.

நெய்யாறு பிறக்கும் அகத்திய மலையே சங்கப் புலவர் போற்றிய பொதியில். அதன் தலைவன் ஆய் அண்டிரன், கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் யானைகளைப் பரிசிலாக வழங்கிய பெருமையை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாடியுள்ளார். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் ஆய்குல மன்னர் இப்பகுதியை ஆண்டனர். பாறசாலைக்கு அண்மையிலுள்ள பார்த்திவசேகரபுரத்துக் கோயில், கருநந்தடக்கன் என்னும் ஆய் மன்னன் ஒன்பதாம் நூற்றாண்டில் நிறுவியது. ஆதலின், யாழைத் தோளில் தாங்கிய பாணர் சுற்றம் பரிசில் நாடி நடந்த நாடுகளில் இந்நாடும் ஒன்று எனக் கருதுவதில் தவறில்லை.

அந்த யாழ் எத்தகையது? பொருநராற்றுப்படை அதனை உறுப்புறுப்பாக வருணிக்கிறது. அடியில் மானின் குளம்படி போன்று இருபுறமும் தாழ்ந்து நடுவுயர்ந்த பத்தல். இதுவே ஓசையைப் பெருக்கும் குடைவான உடல். அதன்மேல் விளக்குச் சுடரின் நிறமுடைய தோற்போர்வை. போர்வையை இறுக்கும் ஆணிகள் வளையிலுள்ள நண்டின் கண்களை ஒத்திருக்கும். எட்டாம் நாள் திங்களைப் போன்றது அதன் வாய். வளைந்துயர்ந்த கோட்டில், மங்கையின் முன்கை வளையல்களைப் போல வரிசையாக அமைந்தவை திவவுகள் என்னும் வார்க்கட்டுகள். நரம்புகள் அவற்றில் பிணைக்கப்பட்டன. ஒரு தச்சனிடம் கொடுத்தால் அவன் அளவு கேட்பான். புலவர் உவமையைத்தான் தந்திருக்கிறார்!

யாழ் வகைகளும் பல. பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் யாழ் 14 நரம்புடையது. இவற்றுக்கெல்லாம் எளிய மூத்த உறவாகத் தோன்றுவது வில்யாழ். துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து மரல்நாரை நரம்பாகக் கட்டி, இடையன் ஒருவன் அதனைக் குறிஞ்சிப் பண்ணில் வாசித்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. இன்றும் இவ்வெல்லை ஊர்களில் அம்மன் கோயில் கொடையின்போது வில்லுப்பாட்டு நடைபெறுகிறது. மண்குடத்தோடு பிணைத்த வில்லை வீசுகோலால் தட்டும்போது அதன் நாண் அதிர்கிறது. அது பண்ணிசைக்கும் கருவியன்று. தாளத்திற்கும் முழக்கத்திற்கும் உரியது. அதனை யாழின் வழித்தோன்றல் என்று கூற நான் முற்படவில்லை. ஆயினும், நாணும் குடைவான கலமும் சேர்ந்தால் இசை பிறக்கும் என்னும் பழைய அறிவை இம்மண் மறக்கவில்லை எனலாம்.

இனி, யாழ் ஏன் மறைந்தது? திருஞானசம்பந்தர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அவருடைய பதிகங்களை யாழில் இசைத்து உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் கருவியில் அடங்கவில்லை. மனம் நொந்த பாணர் யாழை உடைக்க ஓங்கினார்; சம்பந்தர் தடுத்தார். யாழ்முரி என்று அப்பதிகம் பெயர் பெற்றது. பெரியபுராணம் இதனை அடியாரின் பெருமையாகக் கூறுகிறது. கருவியின் நோக்கிலிருந்து காண்போர்க்கு இதிலே வேறொரு செய்தியும் உண்டு. மனிதக் குரல் வளைந்து குழைந்து செல்லும் இடமெல்லாம் யாழால் பின்தொடர இயலவில்லை.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது. அந்நரம்பை அழுத்துவதற்கு அடியில் மெட்டுப் பலகை கிடையாது. வீணையிலோ ஒரே தந்தியை மெட்டின்மேல் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தால் பல சுரங்கள் பிறக்கும். கமகம் எளிதில் அமையும். தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில், 24 மெட்டுகளோடு வீணை நிலைபெற்றது என்பர். அதற்கு நெடுங்காலம் முன்பே யாழ் தன் இடத்தை இழந்திருந்தது. பாணர் குடியின் மதிப்புக் குறைந்ததையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். புரப்போர் இல்லாத குடியில் மகனுக்குத் தந்தை கலையைக் கற்பிப்பது அரிதாயிற்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒரு சான்று நினைவுக்கு வருகிறது. இந்த ஊர்களின் தேவாலயங்களில் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்தில் தாவீது மீட்டுவது சுரமண்டலம், யாழன்று. வளைந்த நரம்புக் கருவிக்கு நேரான தமிழ்ச்சொல் இலக்கியத்தில் இருந்தும் மொழிபெயர்த்தோர் அதனை எடுக்கவில்லை. கேட்போர்க்கு அச்சொல் எதையும் காட்டாது என்று கருதினர் போலும்.

சொல் மீண்டது அச்சுக்கூடத்தின் வழியாக. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் வெளியிட்டார். யாழின் உறுப்புகளும் பண்களின் பெயர்களும் கற்றோர் கைக்கு வந்தன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுப் பழந்தமிழ் இசைமுறையை ஆராய்ந்தார். இவ்வழியில் மிகத் தொலைவு சென்றவர் ஈழத்து மட்டக்களப்பு நாட்டுக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள்.

அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்றவர். அதனால் யாழைக் கவிதைப் பொருளாக மட்டும் காணவில்லை. அதிரும் நரம்பாகவும் கண்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களுக்கும் உரிய அளவுகளைக் கணக்கிட்டார். செம்பாலையில் கூட்டிய யாழில் ஒரு நரம்பையும் முறுக்காமல், தளர்த்தாமல், துத்தத்தையே குரலாகக் கொண்டு தொடங்கினால் படுமலைப்பாலை பிறக்கும். செம்பாலையை இக்கால அரிகாம்போதி எனவும், படுமலைப்பாலையை நடபைரவி எனவும் கொள்வர். இவ்வாறு குரல் இடம்பெயரப் பெயரப் புதிய பாலைகள் தோன்றுவதே பாலைத் திரிபு. மெட்டில்லாக் கருவி பல பண்களைத் தந்த மறைபொருள் இதுவே. என் கருத்தில், யாழ்நூலின் உயிர் யாழின் வடிவத்தைக் கூறும் பகுதியைவிட இக்கணக்கில்தான் இருக்கிறது.

1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது; வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அடிகளின் ஆராய்ச்சியின்படி அமைத்த முளரியாழ் முதலிய கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. தஞ்சை நால்வர் வழியில் வந்த க.பொ. சிவானந்தம் அவற்றை இசைத்துக் காட்டினார். அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். யாழ் கச்சேரி மேடைக்கு வரவில்லை. நூல் இருந்தது, கருவியும் பிறந்தது. கற்பிக்கும் ஆசிரியரும் பத்தாண்டு அமர்ந்து பழகும் மாணவரும் அதனைச் சுற்றி உருவாகவில்லை.

நம் நாட்டிலிருந்து மறைந்த வில்வடிவ யாழ், பர்மாவில் சௌங் என்னும் பெயரோடு அரசவைக் கருவியாக வளர்ந்து வாழ்ந்து வருகிறது. மத்தியப் பிரதேசத்து மண்டலா பகுதியில் பின்பாஜா என்னும் ஐந்து நரம்புக் கருவியொன்று உண்டு; அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. யாழை மீட்க விரும்புவோர் ஏட்டோடு இவற்றையும் பார்க்க வேண்டும். வாழும் கருவியில் நரம்பு எங்கே அறுகிறது, தோல் எப்போது தளர்கிறது என்பதை எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை.

அண்மைக் காலத்தில் இம்முயற்சியைத் தொடர்ந்தவர் கிட்டார் செய்யும் ஓர் இளைஞர் என்பது என் மருமகனுக்குப் பெருமகிழ்ச்சி. சென்னையில் தருண் சேகர் என்பவர் சங்க நூல்களின் வருணனைகளைக் கொண்டு, செந்நிறச் சீடர் மரத்தைக் குடைந்து யாழ் அமைத்தார். அதை வாசித்துப் பாடலும் வெளியிட்டார். இவை பழைய யாழேதானா என்று கேட்போர் உளர். அளவு தெரியாத கருவிக்கு அத்தகைய சான்றிதழ் வழங்க யாரால் இயலும்? வளைந்த கருவி எதற்கும் யாழ் எனப் பெயர் சூட்டிவிட்டுச் சுரக் கூட்டலை மேலை இசையிலிருந்து கடன் வாங்குவதே எனக்கு அச்சம் தருவது. பேழை திரும்பி வந்து பாலை வராமற்போனால், வந்தது யாழின் உருவம் மட்டுமே.

கலைமகள் சென்று தங்கும் திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இருந்ததில்லை. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே முதன்முதலாகப் பாடினார். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. அவர் பிறந்த ஊரிலிருந்து சிறிது தொலைவில்தான் என் தமக்கையின் வீடு.

சென்ற ஓணத்திற்கு அங்கே சென்றிருந்தேன். மருமகன் பலாமரத் துண்டொன்றைக் குடைந்து, தோல் போர்த்தி, வளைந்த கொம்பு செருகி, ஏழு நரம்புகள் கட்டி வைத்திருந்தான். நரம்புகள் கிட்டார்க் கடையில் வாங்கியவை. யாழ் என்று அதனை அழைக்க அவன் துணியவில்லை. "சாதனம்" என்றே சொன்னான். செம்பாலையில் கூட்ட இருவரும் மாலை முழுதும் முயன்றோம். ஐந்தாம் நரம்பு நிலைகொள்ளாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. விளக்கேற்றும் நேரத்தில் ஒருவாறு அது நின்றது. அவன் இரண்டாம் நரம்பிலிருந்து தொடங்கி மெல்ல மீட்டினான். உள்ளேயிருந்த என் தமக்கை, "அது என்ன ராகம்?" என்று கேட்டாள்.