தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1952

தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்பது ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, 1952 ஆகஸ்டில் அவசரச் சட்டமாகப் பிறப்பிக்கப்பட்டு, பின்னர் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டமாகும்.

அக்காலத் தஞ்சையில் நன்செய் நிலம் மிராசுதார்களிடமும் கோயில்கள், மடங்களிடமும் குவிந்திருந்தது. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினரான பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் உழைத்தனர். கூலி நெல்லாக அளக்கப்பட்டது. சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்யும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. 1943 முதல் பி. சீனிவாசராவ் முதலியோர் விவசாயிகள் சங்கம் கட்டி இவற்றை எதிர்த்தனர்.

சட்டம் குத்தகைதாரருக்கு விளைச்சலில் 40 விழுக்காட்டை உறுதி செய்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கத் தடை விதித்தது, கூலியையும் வரையறுத்தது. ஆனால் அன்றாடக் கூலிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே மிராசுதார்கள் பலர் பண்ணையாள் முறையைக் கைவிட்டு, அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்தனர். அடிமைத்தளை தளர்ந்தது, அதனுடன் நிலையான வேலையும் போயிற்று.

கூலிப் பூசல் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.